பேரை முதலில் சொன்னது யார்

கண்ணு,

நேற்று நீ டில்லியிலிருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். "அம்மா, ரூமுக்கே போன் வந்திருச்சு, இனி பூத்துக்கு ஓட வேண்டியதில்ல" என்று நீ சொன்னபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கடுத்து, "முந்தாநேத்து யாரோ போலீசுன்னு சொல்லிக் கூப்பிட்டாம்மா, என்னமோ கேசுன்னான், பார்சலுன்னான்" என்று சிரித்தாய். என்ன கேட்டான், நீ என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உனக்கெதுக்கு, விடும்மா" என்றாய். அது உன் முழுச் சிரிப்பு இல்லை. பெற்றவளுக்கு அதுகூடத் தெரியாதா? மணி அடித்ததுமே உன் அப்பா வழக்கம்போல எழுந்து பொடக்காணிப் பக்கம் போய்விட்டார். கொல்லையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஜன்னல் வழியாக அவர் முதுகு தெரிந்தது, காதில் உன் குரல் கேட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே "விடும்மா" என்று சொல்ல முடியாதல்லவா. காசிம் மாமா ஏன் நம் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார் என்று எட்டாவது படிக்கும்போது கேட்டாய். தினமும் அவர் மொபெட்டின் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போவாய். ஒரு திங்கட்கிழமை அவர் வராமல் போக, வாசலிலேயே பையோடு நின்றாய். "தொழில்ல ஏதோ மனஸ்தாபம், பெரியவங்க விசயம்" என்று சொல்லி உன்னை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அப்போது எனக்கே உண்மை தெரியாது. பத்தாவது படிக்கும்போது மறுபடி கேட்டாய். அப்போது தெரியும், தெரிந்தும் அதே பதிலைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. காசிம் மாமா நம்மை மோசம் பண்ணிவிட்டுப் போய்விட்டார் என்று நீயாகவே முடிவு கட்டிக்கொண்டாய். டில்லிக்குக் கிளம்புவதற்கு முன் உன் சிநேகிதனிடம் அப்படிச் சொன்னதை நான் காதால் கேட்டேன். அது பொய் கண்ணு. அவர் யாரையும் மோசம் பண்ணவில்லை. உன் அப்பாவும் பண்ணவில்லை. எவனோ ஒருத்தன் போனில் பேசி இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் திருடர்களாக்கிவிட்டுப் போனான்.

கம்பெனி உனக்கு நினைவிருக்கும். திருப்பூர் மண்ணரையில் நம் வீட்டை ஒட்டின தகரக் கொட்டகை, நாலு நிட்டிங் மெஷின், கட்டிங் டேபிள், பின்னால் நூல் போட்டு வைக்கிற குடோன். அப்பா குண்டடத்துத் தோட்டத்தைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு வந்தவர். மெஷினும் ஆள்களும் அவர் பொறுப்பு. நூல் வாங்குவது, துணி விற்பது எல்லாம் காசிம். இரண்டு பேருக்கும் நடுவில் பத்திரம் கித்திரம் ஒன்றும் கிடையாது, வாய் வார்த்தைதான். போனுக்கு எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து ஒரு வழியாகக் கனெக்‌ஷன் வந்த அன்று அப்பா அந்தக் கறுப்புப் போனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். காசிம் பக்கத்தில் நின்று, "அண்ணா, காதுல வெக்கற பக்கம் குங்குமம் வெச்சுப் போடாதீங்க, பேசறவீங்க காதெல்லாம் செவந்து போயிருமுங்க" என்று கேலி செய்தார். அப்பா அதையும் கேட்டு, அந்தப் பக்கம் வைத்ததைத் துண்டால் துடைத்துவிட்டார்.

அப்பா போனில் பேசுவதை நீயே சின்ன வயதில் நடித்துக் காட்டுவாய். எதிரில் ஆள் இருப்பதுபோல எழுந்து நின்றுகொள்வார். பெரிய மனுசர் யாராவது என்றால் மடித்துக் கட்டின வேட்டியை இறக்கிவிடுவார். அந்தப் பக்கம் பேசுகிறவர் மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் "ஆமாங்க, செரிங்க, ஆமாங்க" என்று போட்டுக்கொண்டே இருப்பார். நம் பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கிற பழக்கம்தான். நம்முடைய "ஆமாங்க"வுக்கு ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம் இல்லை. காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்றுதான் அர்த்தம். மதுரைப் பக்கத்திலிருந்து நம்மிடம் வேலைக்கு வந்த டைலர் ஒருவன், "என்னண்ணே, உங்கள முட்டாள்னு சொன்னாக்கூட ஆமாங்கன்னுதான் சொல்லுவீக போல" என்றான். அப்பா வேறு ஏதோ யோசனையில் அதற்கும் "ஆமாங்க" என்றார். கொட்டகையே சிரித்தது. அந்தக் கொட்டகையில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். ஆபீஸ் அறையில் வேட்டியை இறக்கிவிட்டு நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை வீசி வீசிப் போகச் சொன்னார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படி விரட்டியதில்லை. சோத்துப் போசியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் போசி திறக்காமலே இருந்தது. என்ன பேச்சு நடந்தது என்று பல மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அவர் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன். உனக்கு வந்ததும் இதே பேச்சாகத்தான் இருக்கும், பாஷை மட்டும் வேறாக இருந்திருக்கும்.

"கோயமுத்தூர் க்ரைம் பிராஞ்ச் இன்ஸ்பெக்டர் பேசறேன்" என்று ஆரம்பித்திருக்கிறான். "சொல்லுங்க சார்" என்றிருக்கிறார் அப்பா. "உங்க கம்பெனியில திருட்டு நூல் இருக்கறதா தகவல்." "ஆமாங்க..." "மில்லுல இருந்து லோடோட காணாமப் போனது. உங்க குடோனுக்குத்தான் வந்திருக்கு." "ஆமாங்க..." அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். "ரெண்டு தடவை ஆமான்னு ஒத்துக்கிட்டீங்க. எல்லாம் டேப்புல பதிவாயிருச்சு. இனி மாத்திச் சொல்ல முடியாது." "நான் அப்படிச் சொல்லலீங்க சார், சும்மா ஆமாங்கன்னேனுங்க" என்று அப்பா கெஞ்சக் கெஞ்ச அவன் அதட்டல் ஏறியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தணித்துக்கொண்டு, "உங்களைப் பத்தி விசாரிச்சிட்டோம், நீங்க நல்ல குடும்பம். இதையெல்லாம் செஞ்சது காசிம்தான். நீங்க எங்களுக்கு ஒத்துழைச்சா உங்களைச் சாட்சியா மாத்திக்கலாம்" என்றானாம். கடைசியில் ஒரு கட்டளை. "யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது, உங்க சம்சாரத்துக்கிட்டகூட. அவனுக்குத் தெரிஞ்சா தப்பிக்க விட்டதுக்கு உங்களைத்தான் உள்ள வெப்போம். உங்க போன் எங்க கண்காணிப்புல இருக்கு."

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் எதற்குப் பயம் என்று நீ கேட்பாய். கனம் இருந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நூல் தட்டுப்பாடாக இருந்த சமயத்தில் பில் இல்லாத நூல் கொஞ்சம் வாங்கிப் போட்டிருந்தார்கள். ஊரில் அப்போது பாதிப்பேர் அப்படித்தான் வாங்கினார்கள். அது திருட்டு நூலாக இருக்குமோ என்ற குறுகுறுப்பு அப்பாவுக்கு உள்ளே இருந்துகொண்டே இருந்தது. கூப்பிட்டவனுக்கு அதெல்லாம் தெரியாது. திருப்பூரில் எந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு நூல் என்று சொன்னாலும் ஒருத்தன் இல்லாவிட்டால் ஒருத்தன் நடுங்குவான் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. யார் மடியில்தான் கனமில்லை, சொல்லு? என் மடியிலும் இருக்கிறது, உன் மடியிலும் ஏதாவது இருக்கும். அந்தக் கெரகம் பிடித்தவர்களுக்கு அதுதான் முதலீடு.

சந்தேகப்பட்ட சரக்கை எடுத்துக்கொண்டுபோய்ச் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவோம், அந்த ஆள் கம்பெனியில் இல்லாத நேரம் எது என்று கேட்டிருக்கிறான். அப்பா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "வெள்ளிக்கிழம மத்தியானம் தொழுகைக்குப் போயிருவாருங்க சார்" என்றிருக்கிறார். எனக்கு இன்றைக்கும் வயிறெரிவது இந்த இடத்தில்தான். அந்த மனுசன் சாமி கும்பிடப் போகிற நேரத்தைப் பார்த்துக் குடோன் கதவைத் திறந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வேன் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருத்தன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பிரவுன் ஷூ போட்டிருந்தான், காக்கி பேன்ட், மேலே சாதாரணச் சட்டை. ஆள்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்ததால் அப்பாவே மூட்டைகளைத் தூக்கி ஏற்றினார். சந்தேகப்பட்டது எது என்று பிரிக்கவெல்லாம் இல்லை, குடோனையே துடைத்து எடுத்தார்கள். நான் சமையல்கட்டிலிருந்து வந்து, "ஏனுங்க, நூலெல்லாம் எங்கீங்க போகுது?" என்று கேட்டேன். "உன் சோலியப் பாரு போ" என்றார். ஷூ போட்டவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வண்டியில் ஏறினான். நானும் பதிலுக்குக் கும்பிட்டேன். என் கையை ஒடித்துப் போட்டிருக்க வேண்டும்.

காசிம் தொழுகை முடிந்து வந்து குடோனைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். ஏற்றுமதிக்குத் துணி கொடுக்கிற ஒரு ஆர்டர் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணா, நூலெங்கீங்க?" என்றார். "குடுத்துட்டேன்" என்றார் அப்பா. "ஆருக்குங்க?" "அதச் சொல்ல முடியாது." காசிமுக்குப் புரியவில்லை. "களவு போயிருந்தாச் சொல்லுங்கண்ணா, இப்பவே ஸ்டேஷனுக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்தர்லாமுங்க." அந்த ஒரு வார்த்தையில் அப்பாவின் முகம் வெளுத்தது. "ஸ்டேஷன் பேச்சே எடுக்காத" என்று கத்தினார். பிறகு குரலை இறக்கி, "எதுக்குப் போச்சுன்னு உனக்கே தெரியும்" என்றார். காசிம் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன், எனக்கே ஒன்றும் தெரியாதே. "எனக்கு என்னுங்கண்ணா தெரியும்?" என்று திரும்பக் கேட்டார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காசிம் நிதானமாக மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். நூலைத் தனக்குத் தெரியாமல் விற்றுவிட்டு அண்ணன் பழியைத் தன் மேலே போடுகிறார் என்று அவர் நினைத்தார். வேறு எதை நினைப்பார்? திங்கட்கிழமை நீ வாசலில் பையோடு நின்றது அதனால்தான்.

அதற்கப்புறம் கொட்டகை தன்னாலேயே அவிந்தது. ஆர்டர் நின்றது, ஆள்கள் ஒவ்வொருத்தராக வேறு கம்பெனிக்குப் போனார்கள், மெஷின்கள் விலைக்குப் போயின. காசிம் எதையும் பிரித்துக் கேட்டு வரவில்லை. சம்சாரத்தின் ஊரான தாராபுரத்துக்கே குடிபோய், யாரோ ஒருவருடைய துணிக்கடையில் வேலைக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டோம். அப்பா மட்டும் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் கூப்பிடுவார், நூல் திரும்பி வரும், காசிம் செய்தது ஊருக்குத் தெரியும் என்று காத்திருந்தார். மணி அடித்தால் பாய்ந்து எடுப்பார். வேறு யாராவது பேசினால் அவர் முகம் தொங்கிப்போகும். எதற்கு இப்படி என்று நான் கேட்டால் எரிந்து விழுவார். நானும் சும்மா இருப்பவளா, பதிலுக்கு நாலு வார்த்தை கேட்பேன். சண்டை போட்டோமே தவிர ஒருத்தருக்கொருத்தர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

உண்மை வெளியே வந்தது சாமளாபுரத்தில், உன் மாமன் வீட்டில். மாரியம்மன் நோம்பிக்குப் போயிருந்தோம், நீயும்கூட வந்திருந்தாய். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் அண்ணன், அதான் உன் மாமன், தனக்கு வந்த ஒரு போனைப் பற்றிச் சொன்னார். அவருடைய போன் தறிக் கொட்டகைக்குள்ளேயே இருந்தது, பவர்லூம் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எவனோ க்ரைம் பிராஞ்ச் என்றிருக்கிறான். இவர், "ஆருங்க? தறி ஓடுதுங்க, சத்தமாச் சொல்லுங்க! போலீசுங்களா? என்னுங்க, திருட்டு நூலுங்களா? எங்ககிட்டயா?" என்று அவன் சொன்னதையெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி திரும்பக் கத்தியிருக்கிறார். தறிக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். "ஆருக்கும் சொல்லக்கூடாதுங்களா?" என்று இவர் கத்த, என் அண்ணி போனைப் பிடுங்கி, "இங்க எல்லாருமே கேட்டாச்சுங்க சாமி, நீங்க இன்னொருக்காச் சொல்லுங்க" என்றிருக்கிறாள். அவன் வைத்துவிட்டான். அண்ணன் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டதில் அப்படி ஒரு இன்ஸ்பெக்டரே கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. நீயும் சிரித்தாய். உன் அப்பா சாப்பிட்ட கையோடு எழுந்து வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். தறிக் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மிணி, நான் மோசம் போயிட்டேன்" என்றார். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே நிஜமான இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். நல்ல வாய் அவருக்கு. "ஏன்யா, விசாரிக்கணும்னா நாங்க நேர்ல வருவோம், இல்ல எழுத்துல சம்மன் அனுப்பி வரச் சொல்லுவோம். சரக்கை எடுத்தா சாட்சி வெச்சு, எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் எடுப்போம். போன்ல கேஸ் நடத்துற போலீசை எங்கய்யா பாத்தே? போனை வெச்சிட்டு ஒரு எட்டு இங்க வந்து கேட்டிருந்தா முடிஞ்சு போச்சு" என்று சத்தம் போட்டார். அப்பா அங்கேயும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டபின் அவர் ஒரு கேள்வி கேட்டார். "பார்ட்னர் பேரை மொதல்ல சொன்னது யாரு? அவனா, நீயா?"

"அவருதானுங்க சார்" என்றார் அப்பா. "நல்லா யோசிச்சுச் சொல்லு." அப்பா யோசித்தார். கண்ணை மூடிக்கொண்டு, கையில் ரிசீவர் இருப்பதுபோலக் காதுப் பக்கம் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்ககூட இருக்காரே, அவரு, அவருன்னு இழுத்தாருங்க. பேரு ஞாபகம் வல்ல போலிருக்குதுன்னு நாந்தானுங்க எடுத்துக் குடுத்தேன். காசிமுங்களான்னு கேட்டேனுங்க." பெரியவர்கள் வார்த்தைக்குத் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பது நம்முடைய மரியாதை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, தன் வாயாலேயே கொடுத்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் அதற்குமேல் சத்தம் போடவில்லை. பேனாவை மூடிவைத்துவிட்டு, போய் வாருங்கள் என்றார். நூலும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் அவரிடம் ஒன்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று சில நாள் தோன்றும், கேட்டது சரிதான் என்று சில நாள் தோன்றும். "அந்தப் பேரு காசிமா இல்லாம, ஒரு பழனிசாமியாவோ சுப்பிரமணியாவோ இருந்திருந்தா, இத்தன சீக்கிரம் நம்பியிருப்பீங்களா?" என்றேன். அவர் எழுந்து பொடக்காணிப் பக்கம் போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்துதான் மணி அடித்தால் எழுந்து போக ஆரம்பித்தார்.

காசிமைப் பார்க்க அவரால் போக முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவார். கடைசியில் நான்தான் குண்டடம் வழியாகப் பஸ் ஏறித் தாராபுரம் போனேன். காசிம் என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணி" என்று எழுந்தார். சம்சாரத்திடம் சொல்லி டீ வைத்துக் கொடுத்தார். உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டார், எத்தனையாவது படிக்கிறான், இன்னும் நகம் கடிக்கிறானா என்று. நான் நடந்ததெல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அண்ணன் திருடவில்லை என்று தெரிந்ததில் வந்த வெளிச்சம் அது, என் கண்ணால் பார்த்தேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். அப்போது அவர் கேட்டார், "என் பேரு அவனுக்கு எப்படிங்க அண்ணி தெரிஞ்சுது?"

எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருப்பான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் பொய் சொல்லிச் சொல்லித்தானே அத்தனையும் நடந்தது. "இவருதானுங்க சொன்னாரு" என்றேன். வெள்ளிக்கிழமை விஷயத்தையும் சொன்னேன். அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "எனக்கு அப்படி ஒரு போன் வந்திருந்தா நானும் பயந்துதானுங்க இருப்பேன் அண்ணி. ஆனா அண்ணங்கிட்டத்தான் மொதல்ல ஓடி வந்திருப்பேன்" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அண்ணன் வந்தால் பேசுவீர்களா என்று கேட்டேன். "செரிங்க அண்ணி" என்றார். நம் ஊர் "செரிங்க" கண்ணு. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, சீட் பிடித்துக் கொடுத்து, பஸ் கிளம்பும்வரை நின்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு நமக்குச் சொல்லவும் இல்லை. உன் அப்பா அந்த ஒரு வாரமும் வாசலில் வருகிற போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து என் பின்னால் நின்றார். "பேரு நாந்தான் சொன்னேங்கறதையும் எழுதிப் போட்டயா?" என்றார். "எழுதிட்டனுங்க" என்றேன். "அடிச்சுப் போடாத, இருக்கட்டும். அவன் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சார்பாகவும்தான் இதைச் சொல்கிறேன். போலீஸ் என்று எவன் பேசினாலும், எந்த பாஷையில் அதட்டினாலும், பேரென்ன, எந்த ஸ்டேஷன் என்று கேட்டுக்கொண்டு போனை வை. மரியாதைக் குறைவு என்று நினைக்காதே, வை. பிறகு நீயாக நேரில் போய் விசாரி, கூட ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போ. அவன் இழுக்கிற வார்த்தையை நீ முடித்துக் கொடுக்காதே. உடனே செய் என்றால் செய்யாதே. யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால், அதைச் சொன்னவன் போலீஸ் இல்லை.

இப்போது நீ எனக்குச் சொல். போலீசு என்று கூப்பிட்டவன் உன்னிடம் என்ன கேட்டான்? உன்னோடு ரூமில் தங்கியிருக்கிற அந்த பீகார்ப் பையனைப் பற்றி, பூத்திலிருந்து பேசின நாளில் எல்லாம் வாய் ஓயாமல் சொல்வாய், அவன் சமைத்தது, அவன் பாடினது, அவன் உனக்குக் காய்ச்சல் வந்தபோது கஷாயம் வைத்தது. நேற்று அவன் பேரையே எடுக்கவில்லை. நானாகக் கேட்டபோதும் "இருக்கான்" என்று மட்டும் சொன்னாய். அவனோடு நீ இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாயா? இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே அவனிடம் போய் நடந்ததைச் சொல். பிறகு எனக்குப் போன் போடு, அப்பா எடுக்கமாட்டார், நான் எடுக்கிறேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்றாலும் சொல், நிஜமாகவே ஏதாவது தப்பு செய்திருந்தாலும் சொல். திட்டுவேன், கட்டாயம் திட்டுவேன். திட்டி முடித்ததும் ரயிலேறி வந்து ஸ்டேஷன் வாசலில் உன்னோடு நிற்பேன்.

உன்னைப் பெற்றவள்